ஏழு வாசல் கோட்டையில் சாகாமல் இருக்கச் சில யோசனைகள்

ஆறு வருஷம் நான் பார்த்த வேலை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் நல்ல மனிதர்களைக் கொல்வது.

போலீசுக்குச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை நூலகம் ஒன்று இருந்தது. அதை நடத்திய கண்ணபிரான், சர்வே ஆபீஸில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் இருக்கிற நிலத்தையே வரைந்து அலுத்துப்போய், கடைசியில் இல்லாத ஒரு கோட்டையை வரைந்தார். ஏழு வாசல்கள், நூற்றுச் சொச்சம் அறைகள், நடுவே ஒரு கறுப்பு ஆறு. அந்தப் படத்தைப் பின்கட்டு மேஜையில் விரித்துவைத்து விளையாட்டு ஆக்கினார். விளையாட வருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், திருடன், வணிகன், வைத்தியன். அந்த வேஷத்துக்கு ஒரு பெயர் வைத்துச் சீட்டில் எழுதுவார்கள். கையில் மூன்று சோழி. ஒவ்வொரு சோழியும் ஒரு மூச்சு. என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்லவேண்டும். என்ன நடந்தது என்று நான் சொல்லவேண்டும். ஆபத்தான இடம் வந்தால் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டவேண்டும். இரண்டு விழுந்தால் ஒரு மூச்சு போயிற்று. மூன்றும் போனவரின் சீட்டை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப்போடுவது என் கடமை. அடுத்த வாரம் புதுச் சீட்டு, மறுபடி முதல் வாசல்.

கண்ணபிரானுக்குத் தொண்டை சரியில்லை. இலக்கியம் படித்த பெண், உச்சரிப்பு சுத்தம் என்று என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அறையிலும் என்ன நடக்கும் என்பதை ஒரு தடித்த நோட்டில் எழுதியிருந்தார். ஏழாம் வாசலுக்கு அப்பால் என்ன என்று சொல்லும் கடைசிப் பக்கங்களை மட்டும் நூலால் தைத்து மூடியிருந்தார். யாராவது அங்கே போய்ச் சேர்ந்தால்தான் தையலைப் பிரிக்கலாம். இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் தன் மூச்சை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் கொடுத்ததில்லை.

இப்போது இதே மாதிரி விளையாட்டு கணினியில் வந்துவிட்டது. என் தம்பி மகள், நாற்பது வயதுக்காரி, ஆபீஸிலிருந்து வந்ததும் அதன்முன் உட்கார்ந்து ஒரே பாலத்தில் ஒரே அரக்கனிடம் செத்துக்கொண்டே இருக்கிறாள். "அத்தை, உனக்குத்தான் இதெல்லாம் பழக்கமாச்சே. புதுசா ஆடறவாளுக்கு ஏதாவது யோசனை சொல்லேன்" என்று நேற்றுக் கேட்டாள். அவளுக்காகவும், அவளைப் போல ஏதோ ஒரு பாலத்தில் நின்றுகொண்டிருக்கும் உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கதவையும் திறக்காதீர்கள்

சண்முகம் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஞாயிறு கடை லீவு. எப்போதும் வணிகன் வேஷம்தான் எடுப்பார். முதல் வாசலைத் தாண்டியதும் ஒரு நீண்ட நடை வரும், இரண்டு பக்கமும் பத்துக் கதவுகள். அவற்றில் எதையும் திறக்காமல் நேரே நடந்தால் போதும், நடை முடிந்துவிடும். சண்முகம் முதல் கதவைத் திறப்பார். ஒன்றுமில்லை. இரண்டாவது கதவில் வௌவால்கள். மூன்றாவதில் பாம்பு, ஒரு மூச்சு போயிற்று. "போதும், நட" என்று மற்றவர்கள் கத்துவார்கள். அவர் நான்காவது கதவின் மேல் கை வைத்துவிட்டிருப்பார்.

நான்கு ஞாயிறு தொடர்ந்து இப்படியே செத்தார். நான்காவது சீட்டைக் கிழிக்கும்போது, ஏன் இப்படி என்று கேட்டேன். நான் கிழித்த துண்டுகளை அவரே எடுத்து, புடவை மடிக்கிற மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கி வைத்தார். பிறகு சொன்னார்: "என்னத்தச் செய்ய, பழகின கைல்லாம்மா! பத்தை விரிச்சுக் காட்டினாத்தான் ஒண்ணு போவும்."

சாப்பாட்டில் பிடிவாதம் வேண்டாம்

வரதாச்சாரி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் நங்கநல்லூரிலிருந்து கிளம்பி, பழவந்தாங்கல் ஸ்டேஷனில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, அதை மாலை வீடு திரும்பும்வரை சட்டைப்பையில் வைத்திருப்பவர். அவர் எடுத்த வேஷம் திருடன். காரணம் கேட்டதற்கு, "முப்பத்திரண்டு வருஷம் அவாளைப் பிடிச்சாச்சு. எப்படித்தான் தப்பிக்கறான்னு ஒரு தரம் பாத்துடணும்" என்றார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். நோட்டை நான் மேஜைமேல் வைத்ததும், தைத்து மூடிய பக்கங்களை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். "இந்தத் தையலை என் கையால பிரிக்கணும்" என்பார். ஒவ்வொரு வாரமும் தடவுவார், ஒவ்வொரு வாரமும் சொல்லுவார்.

நல்ல ஆட்டக்காரர். ஆனால் முதல் மாதங்களில் மூன்றாம் வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சத்திரம் உண்டு. அங்கே சாப்பிடாவிட்டால் மலை ஏறுவதற்குள் மூச்சு ஒவ்வொன்றாகப் போகும். "சத்திரத்தில் சோறு போடுகிறார்கள், சாப்பிடுகிறீர்களா?" என்பேன். "சமைக்கறவா யாரு?" என்பார். நோட்டில் அது எழுதியிருக்கவில்லை. "தெரியாது" என்பேன். "அப்போ வேண்டாம்." காகிதத்தில் வரைந்த சத்திரம், இல்லாத சோறு, திருடன் வேஷம். ஆனாலும் ஆசாரம் ஆசாரம்தான். நூலகத்துக்குப் புத்தகம் தைத்துக் கொடுக்கும் சலீம் அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இன்னா சாமி நீ, திருடனா இருந்துக்கினு ஆசாரம் பாக்கறே? துன்னுட்டுப் போவியா!" என்றான். வரதாச்சாரி அடுத்த வாரம் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'புளியோதரை, ஏழு நாளைக்கு' என்று எழுதிக்கொண்டு வந்தார். கண்ணபிரான் சிரித்துக்கொண்டே அனுமதித்தார். அதன்பின் அந்தச் சீட்டு சாகவே இல்லை. வரதாச்சாரி சலீமைப் பார்த்துச் சொன்னது: "செத்தாலும் சாவேனே தவிர, கண்ட எடத்துல கை நனைக்கமாட்டேண்டா."

சீட்டில் நிஜப் பெயர் எழுதாதீர்கள்

நான் ஒவ்வொரு புதிய ஆளுக்கும் சொல்லும் முதல் எச்சரிக்கை இது. உங்கள் பெயர், வீட்டிலிருப்பவர் பெயர், சுவாமி பெயர் எதுவும் கூடாது. நாளைக்கு அதைக் கிழிக்கவேண்டியவள் நான். சண்முகம்கூட 'சீமைச்சாமி' என்று ஏதோ எழுதித் தப்பித்துக்கொண்டார்.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்த பிலோமினா டீச்சர், எல்லையில் சண்டை வரப்போகிறது என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷம் வந்து சேர்ந்தார். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, வீரன் சீட்டை எடுத்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினார்: அருளப்பன். யார் என்று கேட்டேன். ஒரே பையன், பட்டாளத்தில் கிழக்கே எங்கோ இருக்கிறான் என்றார். நான் பேனாவை நீட்டி, வேறு பெயர் எழுதுங்கள், விதிப்படி நான் கிழிக்கவேண்டி வரும் என்றேன். டீச்சர் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கடுதாசி போட மாட்டேங்கறாம்மா அவன். வாரம் ஒரு தடவையாவது அவன் எங்க இருக்கான், என்ன பண்றான்னு யாராவது எனக்குச் சொல்லணும்ல? நீ சொல்லு."

அடிப்பதற்கு முன்னால் பேர் கேளுங்கள்

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு தாய்க்கு மகனின் நலம் சொல்பவளானேன். என்னை அறியாமலே என் குரல் மாறிவிட்டது. 'வீரன் மழையில் நடக்கிறான்' என்று நோட்டில் இருந்தால், 'அருளப்பன் தலையில் துணி கட்டிக்கொண்டு நடக்கிறான்' என்று சொல்லுவேன். டீச்சர் தலையை அசைப்பார். அவ்வளவு மட்டும்தான் நான் நோட்டை மீறியது. தாயக்கட்டையில் விழுந்ததை விழுந்தபடி சொல்லவேண்டும், அதில் கை வைத்தால் விளையாட்டே இல்லை என்று கண்ணபிரான் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான்காம் வாசலில் ஒரு காவல் பூதம். எல்லோரும் கத்தியை உருவுவார்கள், எல்லோருக்கும் ஒரு மூச்சு போகும். டீச்சர் கத்தியை உருவவில்லை. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைக் கேட்பதுபோல, "உன் பேர் என்ன? சாப்பிட்டியா? எத்தனை நாளா இங்க தனியா நிக்கற?" என்று கேட்டார். சலீம் விழுந்து விழுந்து சிரித்தான். நான் நோட்டைப் புரட்டினேன். பக்கத்தின் அடியில், ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: பேர் கேட்டால் பூதம் வழிவிடும். இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தை வாசித்திருக்கிறேன், அந்த வரிக்கு வேலை வந்ததில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்த கண்ணபிரான் எழுந்து வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடைந்த குரலில் டீச்சரிடம் சொன்னார்: "அதையும் யாராவது ஒருத்தர் கேக்கமாட்டாளான்னு எழுதிவச்சேம்மா."

ஓடுவதில் வெட்கமில்லை

சலீமுக்கு ஒரே யுக்திதான். எதைப் பார்த்தாலும் ஓடுவான். நரி வந்தால் ஓடுவான், நாய் வந்தால் ஓடுவான். கதவு கிரீச்சிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "நான் ஓட்டம்" என்பான். வீரன் வேஷத்திலும் ஓடினான். வரதாச்சாரிக்கு அது பிடிக்காது. "ஏண்டா, மானம் ரோஷம் ஒண்ணும் கிடையாதா?" என்றார் ஒருநாள்.

"மானத்தைக் குட்த்தா மறுபடி மூச்சு தருவாங்களா சாமி? உசுரு கீது, ஆட்டம் கீது, அடுத்த வாரம் நான் கீறேன். அவ்ளோதான் மேட்டரு" என்றான் சலீம்.

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. அதற்குள் நிஜமாகவே சண்டை மூண்டுவிட்டது. எப்போதாவது வருகிற கடிதமும் ஆறு வாரமாக இல்லை. காலை, மதியம், இரவு என்று ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் தெருவிலிருந்து புத்தகம் எடுக்க வருகிற பெண்கள் சொன்னார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டு நடந்து வந்துவிடுவார். அன்றைக்குச் சோழிகளைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்: "எல்லாம் சொல்லிக்கொடுத்தேன் அவனுக்கு. ஓடறதுக்குச் சொல்லிக்கொடுக்கல."

தாயக்கட்டைக்கு யாரையும் தெரியாது

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை நிலவரம் இது. சண்முகம் வழக்கம்போல ஒரு கதவைத் திறந்து செத்துவிட்டிருந்தார். சலீம் ஓடிப்போய்ப் பின்னால் எங்கோ பத்திரமாக இருந்தான். வரதாச்சாரி கறுப்பு ஆற்றின் பாலத்தைத் தாண்டி ஏழாம் வாசலுக்கு நேர் எதிரே நின்றார். ஒரே சீட்டு, ஏறக்குறைய இரண்டு வருஷம், பாக்கி ஒரு மூச்சு. கதவைத் தள்ளினால் போதும், அங்கே தாயம் உருட்டவேண்டியதுகூட இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன மடக்குக்கத்தி ஒன்றை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்திருந்தார், தையலைப் பிரிக்க. ஆனால் கதவைத் தள்ளவில்லை. "டீச்சரம்மாவும் வரட்டும், சேர்ந்தே போயிடலாம்" என்றார்.

டீச்சருக்கும் ஒரு மூச்சுதான் பாக்கி. பாலத்தில் ஓடமுடியாது, பேர் கேட்க ஆள் கிடையாது, கட்டாயம் உருட்டவேண்டும். டீச்சர் தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். உதடு அசைந்தது. உருட்டினார். ஒரு கட்டை உடனே நின்றுவிட்டது, ஒன்று. இன்னொன்று மேஜை ஓரம்வரை போய்ச் சாய்ந்தது. அதுவும் ஒன்று.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்கு டீச்சருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவரே கடைசிச் சோழியை என் பக்கம் தள்ளினார். அருளப்பன் என்று எழுதிய சீட்டை எடுத்தேன். இரண்டு கைகளிலும் பிடித்தேன். எத்தனையோ சீட்டுகளைக் கிழித்த கை. அன்றைக்குச் சீட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது. கட்டை சரியாக உருளவில்லை, மறுபடி உருட்டுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பொய்யை எப்படிச் சொல்வது? டீச்சர் வகுப்புக் குரலில், "கிழிம்மா. விதின்னா விதிதான்" என்றார். குரல் நேராக இருந்தது.

அப்போது மேஜைமேல் ஏதோ உரசும் சத்தம். வரதாச்சாரி தன் ஒற்றைச் சோழியை ஆள்காட்டி விரலால் கோட்டைப் படத்தின் குறுக்கே நகர்த்திக்கொண்டு வந்தார். ஏழாம் வாசலிலிருந்து பாலத்துக்கு. டீச்சரின் கைக்கு அருகில் விட்டுவிட்டு, தன் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். புளியோதரை எழுதிய சீட்டு. "இதைக் கிழி" என்றார். மடக்குக்கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டே கிழித்தேன். சலீம் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். அன்றைய ரயில் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வரதாச்சாரி சொன்னார்: "ஒருத்தர் டிக்கெட்டுல இன்னொருத்தர் போகப்படாதுன்னு முப்பத்திரண்டு வருஷம் ஃபைன் போட்டவன் நான். இன்னிக்கு எனக்குப் போட்டுக்கோ."

சீட்டு கிழிந்தால் எழுந்து போய்விடாதீர்கள்

அதற்குமேல் டீச்சர் உருட்டவில்லை. பாலத்திலேயே நிற்கட்டும் என்று அருளப்பனின் சீட்டையும் சோழியையும் ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். வரதாச்சாரி அடுத்த வாரமே முதல் வாசலில் புதுச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார், முனகிக்கொண்டு. பொங்கலுக்கு முன் கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் ஆளே வந்தான். உயரமாக, மீசையோடு, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அம்மாவின் பின்னால் வந்தான்.

"இங்க நான் என்னவோ பாலத்துல நிக்கறேனாமே?" என்றான். உறையைப் பிரித்துக் கொடுத்தேன். வரதாச்சாரியும் சலீமும் சண்முகமும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: நிதானமா இரு, கட்டையை நல்லாத் தேய், அவசரப்படாதே. அவன் எதையும் காதில் வாங்கவில்லை. "நேரா போறேன்" என்றான். ஒற்றைக் கையால் உருட்டினான். இரண்டு.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அட பாவி, அது என் மூச்சுடா!" என்று வரதாச்சாரி தலையில் கை வைத்துக்கொண்டார். சலீம், "ஓடியாந்திருக்கலாம்ல நைனா!" என்றான். நான் சீட்டை எடுத்தேன். டிசம்பரில் இருந்த அதே எழுத்து, அதே பெயர். டீச்சரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரிப்பு தாங்காமல். பிறகு என்னிடம் சொன்னார்: "நல்லாக் கிழிம்மா. ஆளுதான் எதிர்ல உக்காந்திருக்கானே."

இதற்குப் பின் நான் எத்தனையோ மரணப் படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே நகர்த்திவைக்கக் கையில் சோழி இருப்பதில்லை. கண்ணபிரான் போன பிறகு நூலகத்தை மூடினார்கள். கோட்டைப் படத்தைச் சுருட்டி யாரோ எடுத்துப்போனார்கள். நோட்டு மட்டும் என்னிடம் வந்தது. ஏழாம் வாசலை அதுவரை யாரும் தாண்டியிருக்கவில்லை. ஒரு பிற்பகல் தனியாக உட்கார்ந்து, விதியை மீறி, அந்தத் தையலை நானே பிரித்தேன்.

புதிதாக ஆட வருகிற அன்பர்களே, அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை என்பதால், ஏழாம் வாசலுக்கு முன்னால் யாராவது உங்களைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.